டூப்ளிகேட் எங்கே அசந்துபோகிறது: ஒன்றுபோல் தெரியும் வண்ணத்துப்பூச்சிகளைப் பிரித்தறிவது

எனக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வாரம் முழுக்கத் துணியைப் புரட்டிப் புரட்டி பிரிண்ட்டில் குறை தேடுவது, லீவு நாளில் திருமூர்த்திமலைப் பக்கமோ கல்லாறு பக்கமோ போய் வண்ணத்துப்பூச்சி பார்ப்பது, இரண்டுக்கும் ஒரே கண்தான். ஒரு பிராண்டைக் காப்பி அடிக்கிறவன் நெஞ்சுப் பக்கத்துப் படத்தில் ரொம்பக் கவனமாக இருப்பான். உள்பக்கம், தையல் ஓரம், கழுத்து லேபிள் என்று வந்தால் அசந்துவிடுவான். நான் முதலில் புரட்டுவது அந்த இடங்களைத்தான். வண்ணத்துப்பூச்சியிலும் அதே இடங்களைத்தான் தேடச் சொல்வேன்.

ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ஒன்றுபோல் தெரியும் ஜோடிகளில் பலவும் தற்செயல் கிடையாது. எருக்கு, ஆடுதீண்டாப்பாளை மாதிரி நச்சுச் செடிகளைத் தின்று வளர்ந்த பூச்சியின் உடம்பிலும் அந்த நஞ்சு தங்கிவிடுகிறது. ஒருமுறை கடித்துப் பார்த்துத் துப்பிய குருவி அந்த நிறத்தை மறப்பதில்லை. நஞ்சே இல்லாத வேறு சில இனங்கள் அதே நிறத்தைப் போட்டுக்கொண்டு தப்பிக்கின்றன. 1862-இல் ஹென்றி பேட்ஸ் என்ற ஆங்கிலேயர் அமேசான் காட்டுப் பூச்சிகளை வைத்து இதை எழுதினார். அதில் நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: இந்த வேஷம் பறந்துகொண்டே பார்க்கிற பறவைக்காகப் போட்டது. தூரத்தில் தெரியும் பெரிய நிறங்கள் கச்சிதமாக ஒத்துப்போகும். பறவை எண்ணிப் பார்க்காத சின்னப் புள்ளி, உடம்பின் பக்கவாட்டு, கால், இறக்கையின் அடிப்புறம், இங்கெல்லாம் ஒப்பனை அரைகுறைதான்.

அதனால் "ஆரஞ்சு கலர், கறுப்பு பார்டர்" என்று யாராவது வர்ணித்தால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. இனம் பிரிக்க உதவாத தகவலே அதுதான்.

இறக்கையில் எந்த இடம் என்று சொல்லப் பழகுங்கள்

நான்கு இறக்கை. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் மேற்புறம், அடிப்புறம். பூச்சி இறக்கையை மடக்கி உட்கார்ந்தால் நமக்குத் தெரிவது அடிப்புறம். வெயில் காய விரித்து வைத்தால் தெரிவது மேற்புறம். இரண்டிலும் படம் ஒன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

அப்புறம் 'செல்' என்று ஓர் இடம் உண்டு. இறக்கை உடம்போடு சேரும் இடத்திலிருந்து நடுப்பகுதி வரைக்கும் நீளமாக, சுற்றிலும் நரம்பால் அடைத்த ஓர் அறை. முன்னிறக்கையில் ஒன்று, பின்னிறக்கையில் ஒன்று. அந்த அறைக்குள் என்ன இருக்கிறது, அதன் முனையில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே அடிக்கடி இந்தச் சொல் வரும்.

படம் எடுக்க நல்ல கேமரா வேண்டும் என்று இல்லை, போனே போதும். ஆனால் முதல் படத்தைத் தூரத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். கிட்டே போய் அழகாக எடுக்கலாம் என்று நினைத்தால் பூச்சி போய்விடும். காலையில் வெயில் ஏறும் நேரத்தில் இறக்கையை விரித்துக் காயும்போது மேற்புறம், பிறகு பூவில் உட்காரும்போது பக்கவாட்டில் அடிப்புறம், இந்த இரண்டு படமும் இருந்தால் பெரும்பாலும் பிரித்துவிடலாம். உச்சி வெயிலில் எடுத்தால் வெள்ளைப் புள்ளியெல்லாம் பரவிப்போய், வெளிர் நீலம்கூட வெள்ளையாகத்தான் வரும். வலை போட்டுப் பிடிக்கவே பிடிக்காதீர்கள். வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் நிறைய வண்ணத்துப்பூச்சிகளும் இருக்கின்றன.

ஆரஞ்சுக்காரர்கள்

என் அக்கா மகள் சென்னையில் இருக்கிறாள். மொட்டை மாடித் தொட்டிச் செடிக்கு எது வந்தாலும் போட்டோ வந்துவிடும். "சித்தி, இது மொனார்க் பட்டாம்பூச்சிதானே?" என்பாள். "மொனார்க்கெல்லாம் நம்ம ஊர்ல இல்லை கண்ணு, அது அமெரிக்கா பக்கம். இது அதோட பங்காளி" என்று பதில் போடுவேன். இணையத்தில் தேடினால் மொனார்க் படம்தான் முதலில் வந்து நிற்கிறது. பாவம், அவள் என்ன செய்வாள்.

பங்காளிகள் இங்கே இரண்டு பேர். பிளெய்ன் டைகர், நம் ஆட்கள் வெந்தய வரியன் என்பார்கள். எருக்கஞ்செடி இருக்கும் இடமெல்லாம் இது இருக்கும். இன்னொன்று ஸ்ட்ரைப்டு டைகர். நரம்பெல்லாம் தடிமனான கறுப்புக் கோடாக ஓடினால் ஸ்ட்ரைப்டு, ஓடாவிட்டால் பிளெய்ன். இதில் குழப்பமே கிடையாது.

குழப்பம் பிளெய்ன் டைகரைக் காப்பி அடிக்கும் டனாய்டு எக்ஃப்ளையின் பெண்பூச்சியிடம்தான். அதே ஆரஞ்சு, முன்னிறக்கை நுனியில் அதே கறுப்பு, அதன் குறுக்கே அதே வெள்ளைப் பட்டை. இரண்டும் பறக்கும்போது பிரிக்கச் சொன்னால் எனக்கும் கஷ்டம்தான். ஆனால் உட்கார்ந்ததும் பின்னிறக்கையின் நடுவைப் பாருங்கள். பிளெய்ன் டைகருக்கு அங்கே செல்லின் முனையைச் சுற்றி மூன்று கறுப்புப் புள்ளிகள் இருக்கும். எக்ஃப்ளைக்கு நடுவில் ஒன்றும் இருக்காது, மேல் ஓரத்தை ஒட்டி ஒரே ஒரு கறுப்புப் புள்ளி மட்டும். இறக்கை ஓரத்தையும் பாருங்கள். எக்ஃப்ளையின் ஓரக் கறுப்பில் வெள்ளைப் பிறைகள் வரிசையாக இருக்கும், ஓரமும் லேசாக அலை அலையாக வளைந்திருக்கும்.

பிளெய்ன் டைகரில் நான்கு புள்ளி தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது ஆண். நான்காவது உண்மையில் புள்ளி இல்லை, பெண்ணை ஈர்க்கும் வாசனைப் பை. மற்ற மூன்றையும்விடக் கொஞ்சம் பெரிதாக, உள்பக்கம் தள்ளி இருக்கும். அடிப்புறத்தில் பார்த்தால் அதன் நடுவே வெள்ளை தெரியும். ஆக ஒரே இடத்தைப் பார்த்து இனத்தையும் சொல்லலாம், ஆணா பெண்ணா என்றும் சொல்லலாம்.

டனாய்டு எக்ஃப்ளையின் ஆணைப் பார்த்தால் இதன் ஜோடி என்று யாரும் நம்ப மாட்டார்கள். கன்னங்கரேல் என்று இறக்கை, அதில் பெரிய வெள்ளை வட்டங்கள், வெயில் சரியான கோணத்தில் பட்டால் வட்டத்தைச் சுற்றி ஊதா மின்னும். வேஷம் பெண்ணுக்கு மட்டும்தான். அவள் முட்டை வைக்க நிலத்தோடு படர்ந்திருக்கும் பருப்புக்கீரையைத் தேடி வருவாள். ஆரஞ்சுப் பூச்சி ஒன்று எருக்கை விட்டுவிட்டுத் தரையை ஒட்டியே தாழ்ந்து தாழ்ந்து சுற்றினால் உடனே புள்ளியை எண்ணுங்கள். இது இறக்கைக் குறி இல்லைதான், ஆனால் எங்கே பார்க்கணும் என்று நினைவூட்டும்.

தென்னந்தோப்பு நிழலில் இதே ஆரஞ்சில் ஒன்று பறந்துபோய் இறக்கையை மூடியதும் காய்ந்த இலை மாதிரி பழுப்பாகிவிட்டால், அது டெய்ல்டு பாம்ஃப்ளையின் பெண். இவளும் டைகர் வேஷக்காரிதான். டைகர்களின் அடிப்புறம் ஒருபோதும் காய்ந்த இலை நிறத்தில் இருக்காது என்பதால் அதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை.

கறிவேப்பிலைக்கு வருகிறவள்

வீட்டுத் தோட்டத்தில் எல்லோரும் பார்க்கக்கூடியது இது. கறிவேப்பிலை, எலுமிச்சை, வில்வம் எது இருந்தாலும் காமன் மார்மன் வந்து முட்டை வைக்கும். தமிழில் கறிவேப்பிலை அழகி. ஆண் கறுப்பு, பின்னிறக்கையின் குறுக்கே வரிசையாக வெள்ளைத் திட்டுகள், பின்னால் வால். பெண்ணில்தான் வேடிக்கை. ஒரே இனத்தின் பெண் மூன்று உருவத்தில் வருகிறது. ஒன்று ஆணைப் போலவே. இரண்டாவது காமன் ரோஸைப் போல, பின்னிறக்கை நடுவில் வெள்ளையும் ஓரத்தில் சிவப்பும். மூன்றாவது கிரிம்சன் ரோஸைப் போல, முன்னிறக்கையில் வெள்ளைப் பட்டைகளும் பின்னிறக்கையில் சிவப்புப் பொட்டுகளும். ரோஸ் இரண்டும் ஆடுதீண்டாப்பாளையைத் தின்று வளர்பவை, நஞ்சுள்ளவை. ஒரே வீட்டுப் பிள்ளைகள் எப்படி இப்படி மூன்று விதமாகப் பிறக்கின்றன என்பதற்கு, பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் கிருஷ்ணமேக் குன்டேயும் மற்றவர்களும் 2014-இல் விடை சொன்னார்கள். 'டபுள்செக்ஸ்' என்ற ஒரே ஒரு மரபணுதான் இந்த வேஷத்தை மாற்றும் சுவிட்ச்.

சரி, எப்படிப் பிரிப்பது? இறக்கையை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள். ரோஸ் இரண்டுக்கும் உடம்பில் சிவப்பு உண்டு. மார்மனுக்குக் கிடையாது, கறுப்புதான், தலைப்பக்கம் பொடிப்பொடியாக வெள்ளை தெரியும், அவ்வளவே.

இதுவரை எல்லாரும் சொல்வார்கள். ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் ஏமாறலாம். காமன் ரோஸின் முதுகும், வயிற்றின் தொடக்கமும் மேலிருந்து பார்க்கக் கறுப்புதான். சிவப்பு இருப்பது தலையில், கழுத்தில், நெஞ்சின் பக்கவாட்டில், வயிற்றின் நுனியில். அதனால் படத்தைப் பெரிதாக்கி இரண்டு இடம் மட்டும் பாருங்கள்: உணர்கொம்பு முளைக்கும் இடத்தில் தலை, பின்னிறக்கைகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் வயிற்று நுனி. இரண்டில் எங்காவது சிவப்பு இருந்தால் ரோஸ். பக்கவாட்டுப் படமாக இருந்தால் இந்தச் சிரமமே இல்லை, பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

ரோஸ் இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது சுலபம். வெள்ளை எந்த இறக்கையில் இருக்கிறது என்று பாருங்கள். பின்னிறக்கை நடுவில் வெள்ளை என்றால் காமன் ரோஸ். முன்னிறக்கையில் வெள்ளைப் பட்டை, பின்னிறக்கையில் சிவப்பு மட்டும் என்றால் கிரிம்சன் ரோஸ்.

வாலை நம்பாதீர்கள். பல்லியோ குருவியோ கடித்து, அல்லது முள்ளில் கிழிந்து, வால் போன பூச்சிகள் ஏராளம். வயதான பூச்சியின் செதிலும் உதிர்ந்து சிவப்பே வெளுத்துப்போயிருக்கும். எந்தக் குறியாக இருந்தாலும் இரண்டு பக்க இறக்கையிலும் இருக்கிறதா என்று ஒத்துப் பார்ப்பது நல்லது.

நீல வரிகளும் ஒரு போலியும்

தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் மேற்கு மலைகளிலிருந்து கிழக்கே சமவெளிக்கும், அக்டோபர், நவம்பர் வாக்கில் மறுபடி மலைப் பக்கமும் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக வலசை போகும். அதில் பெரும்பான்மை புளூ டைகர், டார்க் புளூ டைகர், காமன் குரோ, டபுள்-பிராண்டடு குரோ இந்த நான்கும்தான். கிலுகிலுப்பைச் செடியில் ஒரே நேரத்தில் இத்தனையும் மொய்த்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆண்கள் அந்தச் செடியின் சாற்றில் மயங்கிக் கிடப்பதால் ரொம்பக் கிட்டே போனாலும் எழுந்து போகாது.

புளூ டைகரின் வரிகள் வெளிர் நீலம், அகலம். டார்க் புளூ டைகரின் வரிகள் மெலிசு, அதனால் மொத்தத்தில் கறுப்பு தூக்கலாகத் தெரியும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் இது போதும். தனியாக ஒன்று இருந்தால், அகலமா மெலிசா என்று எதை வைத்துச் சொல்வது? பின்னிறக்கையின் செல்லுக்குள் போங்கள். அங்கே ஒரு வரி கவட்டை போல இரண்டாகப் பிரியும். புளூ டைகரில் அந்தக் கவட்டையின் கைகள் தடிமனாக, அறையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். டார்க் புளூவில் பேனாவால் இழுத்த மாதிரி ஒல்லியாக, நடுவில் கறுப்பு தாராளமாகத் தெரியும். வெளிச்சம் எப்படி இருந்தாலும் இந்தக் குறி மாறாது. நிறம் மாறும்.

மூன்றாவதாக கிளாஸி டைகர். இதில் நீலமே கிடையாது. கண்ணாடி போன்ற வெள்ளைதான் இறக்கையை நிறைத்திருக்கும், கறுப்பு அதில் நரம்புக் கோடாகவும் ஓரமாகவும் நிற்கும். புளூ டைகர்களைக் கறுப்பில் வரி போட்டது என்று சொன்னால், இதை வெள்ளையில் கோடு போட்டது என்று சொல்லணும்.

இப்போது போலி. காமன் மைம் என்று ஒன்று இருக்கிறது. இதிலும் இரண்டு உரு. ஒன்று புளூ டைகர், கிளாஸி டைகர் கூட்டத்தைப் போல வரி வரியாக, மற்றொன்று காமன் குரோவைப் போலப் பழுப்புக் கறுப்பாக. இது ஏமாற்றுவதில் கெட்டிக்காரப் பூச்சி. நெஞ்சில் இருக்கும் வெள்ளைப் பொட்டுகளைக்கூட விடாமல் காப்பி அடித்திருக்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்ளும். ஒன்று, பின்னிறக்கையின் அடிப்புற ஓரத்தில் வரிசையாக மஞ்சள் பொட்டுகள். டைகருக்கும் குரோவுக்கும் அந்த மஞ்சள் கிடையாது. இன்னொன்று, கால். டைகரும் குரோவும் நான்கு காலில்தான் நிற்கும், முன் இரண்டு கால் சிறுத்து நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கும். மைம் கறிவேப்பிலை அழகியின் குடும்பத்தைச் சேர்ந்தது, அதனால் ஆறு காலும் முழுசாக இருக்கும். ஈர மணலில் உட்கார்ந்து தண்ணீர் உறிஞ்சும்போது பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தால் கால்களை எண்ணிவிடலாம். எனக்கு இந்தக் குறி ரொம்பப் பிடிக்கும். இறக்கையை எவ்வளவு பார்த்துப் பார்த்து மாற்றினாலும் காலை மாற்ற முடியவில்லை பாருங்கள்.

மஞ்சள் குட்டிகள்

புல்வெளியில் தத்தித் தத்திப் பறக்கும் சின்ன மஞ்சள் பூச்சிகளைப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவார்கள். 'கிராஸ் யெல்லோ' என்ற பொதுப் பெயரில் பல இனங்கள். மேற்புறத்துக் கறுப்பு ஓரம் மழைக்காலத்தில் ஒரு மாதிரி, கோடையில் ஒரு மாதிரி மாறும், அதை வைத்துச் சொல்ல வேண்டாம். அவையே இறக்கையைத் திறந்து உட்காருவதும் அபூர்வம்.

முன்னிறக்கையின் அடிப்புறத்தில் செல்லுக்குள் எத்தனை பழுப்புப் புள்ளி என்று எண்ணுங்கள். இரண்டு என்றால் காமன், மூன்று என்றால் த்ரீ-ஸ்பாட், ஒன்று என்றால் ஒன்-ஸ்பாட். செல்லின் முனையில் இருக்கும் பெரிய கறையை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அங்கேதான் எல்லோரும் ஒன்று கூட்டிவிடுவார்கள். முன்னிறக்கை நுனி சதுரமாக வெட்டினாற்போல் இருந்து, பின்னிறக்கை அடிப்புறத்தில் இரண்டு கோடு சாய்வாக ஓடினால் ஸ்பாட்லெஸ். பின்னிறக்கை முன்னால் இருப்பதை மறைத்துக்கொள்வதால் புள்ளி தெரியாமல் போவது சகஜம். அப்போது முட்டை உதவும். கொன்றை இனச் செடியின் இலையில் கும்பலாக முட்டை இருந்தால் த்ரீ-ஸ்பாட், ஒன்றொன்றாகத் தனித்தனியே வைத்துக்கொண்டு போனால் காமன். புழுவுக்கும் அதே பிரிவு: கறுப்புத் தலையோடு கூட்டமாக மேய்வது த்ரீ-ஸ்பாட், பச்சைத் தலையோடு தனியாக இருப்பது காமன்.

சிவப்புப் பொட்டின் வடிவம்

மாமரத்தில் புல்லுருவி ஏறியிருந்தால் அங்கே காமன் ஜெசபெல் நிச்சயம் இருக்கும். அடிப்புறத்தில் மஞ்சள், கறுப்பு நரம்பு, ஓரத்தில் சிவப்புப் பொட்டு வரிசை. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துக்குப் போனால் அதே உடுப்பில் பெயின்டடு சாடூத் வந்து நிற்கும். இந்த ஜோடியில் அந்தச் சிவப்புப் பொட்டின் வடிவம் ஒன்றே போதும். ஜெசபெல்லுக்கு வெளிப்பக்கம் கூராக முடியும். சாடூத்துக்குச் சதுரமாக, கட்டம் கட்டமாக இருக்கும். ஜெசபெல் மரத்தின் உயரத்தில் சோம்பலாகச் சுற்றும், சாடூத் விருட்டென்று பறக்கும். திருப்பூர் ஊருக்குள் பார்த்ததைச் சாடூத் என்று எழுதுவதற்கு முன்னால் நன்றாக யோசியுங்கள்.

குரோக்கள்

கடைசியாக வைத்ததற்குக் காரணம், இவற்றை எல்லா நேரமும் பிரித்துச் சொல்ல முடியாது. காமன் குரோ, டபுள்-பிராண்டடு குரோ இரண்டும் கரும்பழுப்பு, ஓரத்தில் வெண்புள்ளி. ஆணாக இருந்து, இறக்கையை விரித்தும் வைத்தால், முன்னிறக்கை மேற்புறத்தின் கீழ் ஓரத்தை ஒட்டிப் பாருங்கள். மங்கிய கோடு போல வாசனைத் தழும்பு ஒன்று இருந்தால் காமன், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருந்தால் டபுள்-பிராண்டடு. நேர் வெயிலில் அது தெரியாது, வெளிச்சம் சாய்வாகப் படும் காலையில்தான் தெரியும். வெண்புள்ளிகள் வட்டமாக இல்லாமல் பிறை பிறையாகவும் ஓரம் அலையலையாகவும் இருந்தால் அது குரோவே இல்லை, குரோ வேஷத்தில் கிரேட் எக்ஃப்ளையின் பெண்.

பெண் குரோவாக இருந்தாலோ இறக்கையை மூடியே வைத்திருந்தாலோ, ஒரே ஒரு போன் படத்தை வைத்து அடித்துச் சொல்லப் போக வேண்டாம். படத்தைப் போட்டால் பெயர் சொல்லும் செயலி ஏதாவது ஒரு பெயரைத் தைரியமாகக் காட்டும். அதற்குத் தழும்பு தெரிந்ததா என்று யார் கேட்பது? நான் அப்படிப் பட்ட படத்துக்கு 'குரோ, இனம் உறுதியில்லை' என்று எழுதி, தேதி, ஊர், எந்தச் செடியில், எந்தத் திசையில் பறந்தது என்று மட்டும் குறித்து வைப்பேன். வலசை நேரத்தில் திசையும் தேதியும் இருக்கும் பதிவு, பெயர் அரைகுறையாக இருந்தாலும் பயன்படும்.